ஓடாத கம்ப்ரெசரும் மூன்று ஃபேஸும்

புதன்கிழமை காலை 5.50. சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கும் ஃப்ரீசரின் அடியிலிருந்து ஒரு ஈரக்கோடு புறப்பட்டு, டைல்ஸ் இடுக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் போகும் துளை வரை வந்திருந்தது. ஃப்ரீசரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது கரண்ட் வருகிறது என்பதற்கான விளக்கு. குளிர்கிறதா என்று சொல்ல அதில் விளக்கு கிடையாது.

நின்று கேட்டேன். பின்பக்கம், கீழேயிருந்து ஓர் உறுமல், ஆறேழு நொடி. பிறகு ‘டக்’. அதன் பின் சத்தமே இல்லை. நான்கு நிமிடம் கழித்து மறுபடி உறுமல், மறுபடி ‘டக்’. பின்பக்கம் கையை விட்டுக் கருப்பு உருண்டையைத் தொட்டேன். உடனே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உள்ளே குளிர வேண்டியது குளிராமல் வெளியே கம்ப்ரெசர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. ப்ளக்கைப் பிடுங்கினேன்.

மேடவாக்கத்தில் மூடிப்போன ஒரு ஐஸ்கிரீம் கடையிலிருந்து வந்த ஃப்ரீசர் அது. இடுப்பு உயரம், மேல்பக்கம் திறக்கும் மூடி, முன்னால் பாதி உரிந்துபோன கோன் ஐஸ் படம். உள்ளே இருந்தது என் மனைவியின் தாய்ப்பால். உள்ளங்கை அகல பிளாஸ்டிக் பைகளில், பைக்கு நூற்றிருபது மில்லியாக, நாற்பத்தேழு பைகள். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் தேதியும் நேரமும் எழுதியிருந்தாள். அதிகாலை 4.15, பகல் 1.30, இரவு 9.00. அதிகாலைப் பைகளில் எழுத்து வலப்பக்கம் சரிந்திருந்தது.

அவளுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது அவள் இருந்த டீம் கலைக்கப்பட்டிருந்தது. வேறு ப்ராஜெக்டில் சேர வேண்டுமானால் புனேயில் பன்னிரண்டு நாள் பயிற்சி, கடைசியில் ஒரு தேர்வு. போகாதவர்கள் வேலை ஒதுக்கப்படாதவர்களின் பட்டியலில் இருப்பார்கள். அந்தப் பட்டியலில் யாரும் நீண்ட நாள் இருந்ததில்லை என்று அவள் சொன்னாள்.

மகளுக்கு ஏழு மாதம். கடையில் விற்கும் பால் பவுடரை இரண்டு முறை கரைத்துக் கொடுத்துப் பார்த்தோம். இரண்டு முறையும் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி. பசும்பாலில் இருக்கும் புரதம் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு வயது வரை அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று தாம்பரத்தில் இருக்கும் குழந்தை மருத்துவர் சொல்லிவிட்டார். கஞ்சியும் மசித்த வாழைப்பழமும் சாப்பிடுவாள். ஆனால் நாளுக்கு ஐந்து வேளை பால் வேண்டும். மூன்று மாதம் முன்பிருந்தே மனைவி சேர்க்கத் தொடங்கினாள். அறுபத்திரண்டு பைகள் சேர்ந்ததும் சனிக்கிழமை மாலை கிளம்பிப் போனாள். நான் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். அவள் திரும்பும் வரை விடுப்பு எடுத்திருந்தேன்.

அடுத்த வியாழன் மாலை அவள் வர வேண்டும். அதுவரை ஒன்பது நாள், நாற்பத்தைந்து பைகள். இரண்டுதான் உபரி.

ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்தேன். கீழ் அடுக்குகள் கல்லாக இருந்தன. மேல் அடுக்கில் ஒன்பது பைகள் விரலுக்கு அமுங்கின. அவற்றில் ஆறுக்குள் ஐஸ் கூழாகக் கிடந்தது. மூன்று முழுக்கத் தண்ணீர்.

ஏழு மணிக்கு அக்கா வந்தாள். கீழ்க்கட்டளையில் இருக்கிறாள், பள்ளி ஆசிரியை. கோடை விடுமுறை என்பதால் தினமும் காலையில் வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டு, மாலை ஐந்து மணிக்குத் திரும்புவாள். செருப்பைக் கழற்றும்போதே தரையைப் பார்த்துவிட்டாள்.

“என்னடா, ஐஸ்கிரீம் பொட்டி அழுவுது?”

“ஸ்டார்ட் ஆகல.”

“தட்டிப் பார்த்தியா?”

“எதை?”

“எதையாவது. மாமா எங்க வீட்டு டிவியத் தட்டித் தட்டியே பதினோரு வருஷம் ஓட்டினார்.”

சொல்லிவிட்டு மூடியைத் திறந்து பார்த்தாள். அதற்கப்புறம் கிண்டல் இல்லை. “எல்லாத்தையும் எடுத்து ஒரு பையில போடு. நான் எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல கொண்டுபோய் வச்சிடறேன்.”

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் மேலே இருக்கும் ஃப்ரீசர் பெட்டிக்குக் கதவு உடைந்து இரண்டு வருடமாகிறது. அதில் தண்ணீர் ஐஸாக ஒரு முழு நாள் ஆகும். அக்கா சொன்னதுதான் சரி. ஆனால் மெக்கானிக்கிடம் அப்போதே போனில் பேசியிருந்தேன்.

“ஒம்பது மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார். பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.”

“உங்க ஆபீஸ் புத்தி. அச்சு மெஷின் ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் எந்தப் பக்கத்தையும் முடிக்க மாட்டீங்க.”

மருத்துவரைப் போனில் பிடித்தேன். உள்ளே ஐஸ் கண்ணுக்குத் தெரிந்தால் மறுபடி உறைய வைக்கலாம், முழுக்கக் கரைந்ததை உறைய வைக்கக் கூடாது, ஃப்ரிட்ஜில் வைத்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றார். திருப்பிச் சொல்லிக் காட்டி உறுதி செய்துகொண்டேன். தண்ணீரான மூன்று பைகளும் ஃப்ரிட்ஜுக்குப் போயின. அன்றைய முதல் மூன்று வேளைக்கு அவையே. மற்றவற்றுக்குக் காமராஜபுரம் பஸ் ஸ்டாப் அருகே இருக்கும் ஜூஸ் கடையில் இரண்டு வாளி ஐஸ் வாங்கி வந்து, துணியில் சுற்றி, பைகளின் மேலும் பக்கத்திலும் அடுக்கினேன். மீன் கடை ஐஸ் இன்னும் பக்கத்தில் கிடைக்கும். அக்கா வேண்டாமென்றாள்.

8.05க்கு மனைவி வீடியோவில் வந்தாள். வகுப்புக்குப் போகும் முன் தினமும் அந்த நேரத்தில் குழந்தையைப் பார்ப்பாள். குழந்தை அவளைப் பார்க்காமல் போனின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

“ஃப்ரீசர் கம்ப்ரெசர் ஸ்டார்ட் ஆகல. மெக்கானிக் வர்றார். நாப்பத்தேழு இருக்கு. மூணு கரைஞ்சிருச்சு, அதை இன்னைக்கே கொடுத்துடலாம்.”

பின்னால் யாரோ அவளை லிஃப்ட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

“நான் டிக்கெட் பார்க்கட்டுமா?”

“இப்ப வேணாம்.”

“எட்டு மணிக்குள்ள சொல்லிடு. நைட் எட்டு. ஓடலைன்னா நான் காலைல ஃப்ளைட் புடிச்சிடறேன். பரீட்சை போனா போகட்டும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் அக்காவைப் பார்த்துச் சொன்னாள். அக்கா, “நீ படிம்மா முதல்ல,” என்று போனை என்னிடம் தந்துவிட்டாள்.

ஒன்பது மணிக்கு மெக்கானிக் வரவில்லை. பத்து மணிக்கு எதிர் வீட்டு சார் கேட்டுக்கு வந்தார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவர் மனைவியும் மட்டும் இருக்கிறார்கள். தெருவில் யார் வீட்டில் எந்தப் பொருள் நின்றுபோனாலும் அரை மணி நேரத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.

“ஃப்ரீசராமே சார்? திங்கக்கெழம ரெட் போச்சே, அதுல அடிச்சிருக்கும்.”

செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் பத்தொன்பது வீடுகள். எல்லா வீட்டுக்கும் மூன்று ஃபேஸ் இணைப்பு உண்டு. மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு திருகு ஸ்விட்ச் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று புள்ளி. ஏதாவது ஒரு ஃபேஸ் போய்விட்டால் திருகை அடுத்த புள்ளிக்குத் திருப்பினால் வீட்டில் விளக்கு வந்துவிடும். எந்தப் புள்ளிக்குத் திருப்புவது என்பதை ஒவ்வொருவரும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எதிர் வீட்டு சார் முதலில் திருப்பிப் பார்ப்பார். பார்த்துவிட்டு மாடியில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி நிறத்தைச் சொல்லுவார். திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் விளக்குகள் மங்கி அணைந்தன. இரண்டு நிமிடத்தில் அவர் குரல் வந்தது: “ரெட் அவுட்டு! எல்லாரும் ப்ளூ போடுங்க, ப்ளூ நல்லா இருக்கு!” மெயினை அணைத்துவிட்டு நானும் நீலத்துக்குத் திருப்பினேன். விளக்கு எரிந்தது. உள்ளே வந்துவிட்டேன்.

“அடிச்சிருக்கலாம் சார்,” என்றேன்.

“எங்க வீட்லயும் மோட்டார் எடுக்க மாட்டேங்குது. வெயில் காலம் வந்தா இதே ரோதனை. ஊரு பூரா ஏ.சி.யப் போட்டுட்டுப் படுத்துக்கினா கரண்ட் எங்கேர்ந்து வரும்?” என்று என் வீட்டு ஏ.சி.யை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

11.20க்கு மெக்கானிக் வந்தார். சேலையூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். காதில் ஒரு பென்சில்.

“இன்னா சார் பண்ணுது?”

“உறுமுது. ஏழு செகண்ட். அப்புறம் டக்குனு நின்னுடுது. நாலு நிமிஷம் கழிச்சு மறுபடி.”

“வாட்ச்ச வச்சிப் பாத்தியா சார்?” என்று சிரித்தார். “டாக்டராண்ட கூட யாரும் இப்டி சொல்ல மாட்டாங்கோ.”

ஃப்ரீசரைச் சுவரிலிருந்து இழுத்தார். கம்ப்ரெசரின் பக்கவாட்டில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, பின்களில் செருகியிருந்த தீப்பெட்டி அளவு ரிலேயைப் பிடுங்கிக் காதருகே ஆட்டினார். கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தது. அக்காவின் இடுப்பிலிருந்த குழந்தை அந்தச் சத்தத்துக்குத் திரும்பியது.

“பாப்பாவுக்கே தெரிஞ்சிப் போச்சு,” என்றார். “உள்ள ஒரு வில்லை கீது சார். அது ஒட்ஞ்சிக்கினா இப்டிதான் கொட்டும். அதான் கம்ப்ரெசருக்கு மொதல் தள்ளு குடுக்குறது. தள்ளு இல்லன்னா அது மூச்சப் புட்ச்சிக்கினு நிக்கும். சூடு ஏறும். சூடு ஏறினா இன்னொரு பீசு கட் பண்ணி வுட்ரும். அதான் அந்த டக்கு.”

“கம்ப்ரெசர் போயிருக்குமா?”

“இரு சார், அதையும் பாத்துர்லாம்.”

மீட்டரை எடுத்தார். கம்ப்ரெசரில் மூன்று பின். இரண்டிரண்டாக வைத்து மூன்று அளவு எடுத்தார். சிறிய எண்கள் இரண்டையும் கூட்டினால் பெரிய எண் வர வேண்டும், வந்தால் உள்ளே சுற்று அறுந்துபோகவில்லை என்று அர்த்தம். காதிலிருந்த பென்சிலால் சுவரிலேயே எழுதிக் கூட்டினார். வந்தது. பிறகு ஒரு முனையைக் கம்ப்ரெசரின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்தில் வைத்தார். மீட்டர் அசையவில்லை. அதுவும் நல்ல செய்தி.

பையிலிருந்து புது ரிலேயை எடுத்துச் செருகினார். 12.10க்கு ப்ளக்கைப் போட்டார். உறுமல் ஒரு நொடிதான். அது சீரான ஓட்டமாக மாறியது. மூவரும் ஐந்து நிமிடம் நின்று கேட்டோம்.

“உள்ள இன்னா சார், இவ்ளோ பத்ரமா ஐஸுலாம் வச்சிக்கீறீங்க? எறாவா?”

நான் பதில் சொல்வதற்குள் அக்கா, “பாப்பாவோட சாப்பாடு,” என்றாள். அவர் குழந்தையைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். போகும்போது மூடியை அடிக்கடி திறக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

ரிலே எதனால் உடைந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஓடுகிற ஃப்ரீசரின் முன்னால் நின்றுகொண்டு அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவில்லை. மனைவிக்கு ‘ஓடுகிறது’ என்று ஒரு வரி அனுப்பினேன். அக்கா ஐந்து மணிக்குக் கிளம்பினாள். பைகளை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று அவள் மறுபடி கேட்டதாக நினைவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பேன்.

6.40க்குக் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது பின்பக்கத்திலிருந்து ‘டக்’ கேட்டது.

கிண்ணத்தை வைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். நான்கு நிமிடம். உறுமல். ‘டக்’. ப்ளக்கைப் பிடுங்கினேன். பைகளைப் பார்த்தேன். சாயங்காலம் எப்போதோ நின்றிருக்க வேண்டும், ஜூஸ் கடை ஐஸ் பாதிக்கு மேல் தண்ணீராகியிருந்தது. மேலே இருந்த பைகள் ஐந்து மறுபடி அமுங்கின. எதுவும் முழுக்கக் கரையவில்லை.

மெக்கானிக் போனை எடுத்தபோது பின்னணியில் ஹாரன் சத்தம்.

“மேடவாக்கம் கூட்ரோட்ல மாட்டிக்கினேன் சார். தண்ணி லாரி ஒண்ணு குறுக்க நின்னுனு நகர மாட்டேங்குது. பேஜாரா கீது. இன்னா சார், ஓடுதில்ல?”

“நின்னுடுச்சு. அதே டக்.”

“ரிலே புச்சு சார் அது.” ஹாரனுக்கு மேலே குரலை உயர்த்தினார். “வோல்டேஜ் எவ்ளோ கீது?”

“எதுல பார்க்கறது?”

“ஏ.சி. ஸ்டெபிலைசர்ல நம்பர் ஓடுமே சார், அத்தப் பாரு.”

படுக்கையறைக்குப் போனேன். ஸ்டெபிலைசரில் சிவப்பு எண்கள் மின்னிக்கொண்டிருந்தன. 158.

“நூத்தி அம்பத்தெட்டா? அட போ சார். நூத்தி எம்பதாவது இருந்தாத்தான் அது எய்ந்துக்கும். மத்தியானம் அல்லாரும் வேலைக்குப் போய்ட்டாங்கோ, கரண்ட் நல்லா இருந்துச்சு, ஓடிச்சு. இப்ப அல்லாரும் வந்துட்டாங்கோ. பழைய ரிலேவும் இப்டி முக்கி முக்கித்தான் ஒட்ஞ்சிருக்கும். மத்தியானம் நான் மீட்டர வச்சிப் பாத்திருக்கணும், வுட்டுட்டேன். ஃபேஸ மாத்திப் பாரு சார். மாத்திட்டு ஒடனே போடாத. பத்து நிமிஷம் ஆறட்டும்.”

அடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். “காலைலயே சொன்னேன்,” என்றாள். பிறகு, “ஆட்டோ எடுத்துட்டு வர்றேன். மேடவாக்கம் தாண்டறதுக்கே முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் மூடியத் தொறந்து தொறந்து பார்க்காம இரு,” என்றாள். அப்போது மணி 6.58. மனைவிக்குச் சொல்ல வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே மீட்டர் பெட்டிக்குப் போனேன். மெயினை அணைத்தேன், மஞ்சளுக்குத் திருப்பினேன், மெயினைப் போட்டேன், படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தேன். 171. போதாது. மூன்றாவது புள்ளி சிவப்பு. அது திங்கட்கிழமை செத்துப்போனது தெருவுக்கே தெரியும். அதைப் போட்டுப் பார்ப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. மற்ற இரண்டையும் பார்த்தாகிவிட்டது என்பதைத் தவிர.

சிவப்புக்குத் திருப்பி மெயினைப் போட்டதும் கூடத்து ட்யூப்லைட் ஒரே தடவையில் பற்றியது. மின்விசிறியின் சத்தமே மாறியது. குழந்தை அண்ணாந்து பார்த்தது. ஸ்டெபிலைசரில் 231.

நடந்தது பிறகு புரிந்தது. மறுநாள், ட்ரான்ஸ்ஃபார்மர் அருகே இஸ்திரி வண்டி போட்டிருப்பவரைக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை மதியமே லைன்மேன் வந்து, கம்பத்தில் ஏறி, ஃபியூஸ் போட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார். சிவப்பு அப்போதே வந்துவிட்டது. ஆனால் அது வந்தது எந்த வீட்டிலும் தெரிய வழியில்லை, ஏனென்றால் எந்த வீடும் இருட்டில் இல்லை. எல்லோரும் நீலத்தில் இருந்தார்கள். மூன்று ஃபேஸில் பிரிய வேண்டிய பத்தொன்பது வீட்டு ஏ.சி.யும் மோட்டாரும் ஒரே ஃபேஸை இழுத்துக்கொண்டிருந்தன. ஃபேஸ் போனால் எங்கள் தெருவில் அது செய்தி. திரும்பி வந்தால் செய்தி இல்லை.

7.08க்குத் திருப்பியது. மெக்கானிக் சொன்னபடி பத்து நிமிடம் காத்திருந்தேன். 7.18க்கு ப்ளக்கைப் போட்டேன். ஓடியது. மனைவிக்குப் போன் செய்தேன்.

“ஓடுது. வோல்டேஜ் பிரச்சனை. சரியாயிடுச்சு.”

“மத்தியானமும் ஓடுதுன்னுதான் சொன்ன.”

“இப்ப காரணம் தெரியும்.”

“நிச்சயமா?”

“எரநூத்தி முப்பத்தொண்ணு காட்டுது.”

எண்ணைச் சொன்னதும் சரி என்றாள். டிக்கெட் பக்கத்தைத் திறந்து வைத்திருந்ததாகவும் மூடிவிடுவதாகவும் சொன்னாள். அக்கா அப்போது மேடவாக்கம் சிக்னலில் இருந்தாள். திரும்பிப் போகச் சொன்னேன். “உன் ஃப்ரீசருக்கும் எனக்கும் ஜாதகமே ஒத்து வரலைடா,” என்றாள். ஆட்டோக்காரரிடம் அவள் சமாதானம் சொல்வது கேட்டது.

7.50க்குக் கேட்டில் தட்டும் சத்தம். எதிர் வீட்டு சார், கையில்லாத பனியனில், கழுத்தில் துண்டுடன்.

“உங்க வீட்ல மட்டும் லைட்டு பளிச்சுனு எரியுதே சார். எதுல இருக்கீங்க?”

அவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்பது தெரியும். ஐந்து நிமிடத்தில் மாடிக்குப் போவார். அதற்கடுத்த ஐந்து நிமிடத்தில் பதினெட்டு வீடும் சிவப்புக்கு வரும். ஃப்ரீசரில் அப்போது நாற்பத்து மூன்று பைகள் இருந்தன.

“ப்ளூதான் சார். கூடத்துல எல்.இ.டி. மாத்தினோம். அதான் அப்படித் தெரியுது.”

“அதானே பார்த்தேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த எட்டு நாள் ஃப்ரீசர் ஓடியது. காலை, மதியம், மாலை என்று ஸ்டெபிலைசரைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். 220க்குக் கீழே போகவில்லை. மாலையில், அக்கா கிளம்பும் நேரத்துக்கே, கூடத்துத் தெருப்பக்க ஜன்னலை மூடினேன். மே மாதத்தில் ஜன்னலை மூடி வைப்பதற்கு அக்கா காரணம் கேட்டாள், சொன்னேன்.

எதிர் வீட்டு மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி இருநூறு வோல்ட்டுக்குக் கீழே எடுக்காது. மதியத்தில்கூட நீலம் 195ஐத் தாண்டவில்லை என்று நினைக்கிறேன். காலை ஆறு மணிக்கு சார் தரைக்குக் கீழே இருக்கும் சம்ப்பின் மூடியைத் திறந்து, கயிறு கட்டிய வாளியால் தண்ணீர் இறைத்து, வாசல் படியில் வைப்பார். அவர் மனைவி சின்னக் குடத்தில் ஊற்றி உள்ளே எடுத்துப் போவார். சனிக்கிழமை எண்ணினேன். பதினான்கு வாளி. எட்டாவது வாளிக்குப் பிறகு சம்ப்பின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

“சொல்லித் தொலையேண்டா,” என்றாள் அக்கா. அன்று சீக்கிரமே வந்துவிட்ட அவளும் ஜன்னலில் நின்றிருந்தாள்.

“சொன்னா தெரு முழுக்கச் சொல்லுவார்.”

“சொல்லாதீங்கன்னு கேட்டுக்கோ.”

“அவரையா?”

அக்கா ஜன்னலை விட்டு நகர்ந்தாள். அன்று பகல் அவள் எதிர் வீட்டுக்குப் போய் இரண்டு குடம் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் ஒரு நாளும் போகவில்லை.

ஞாயிறு மாலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தபோது, கடைசியிலிருந்து இரண்டாவது வீட்டிலும் ட்யூப்லைட் நடுங்காமல் எரிந்துகொண்டிருந்தது. தெருவைப் பார்த்த ஜன்னல்கள் மூடியிருந்தன. அவர்கள் வீட்டில் என்ன ஓட வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை இரவு எட்டரைக்கு மனைவி வந்தாள். தேர்வு நன்றாக எழுதியதாகச் சொன்னாள். குழந்தை முதலில் அவளை அடையாளம் தெரியாததுபோல் பார்த்தது. பிறகு அழுதது. அன்றைய ஐந்தாவது பை அதற்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. ஃப்ரீசரில் இரண்டு பைகள் மீதி. அவள் மூடியைத் திறந்து, அவற்றின் மேல் எழுதியிருந்த தேதியையும் நேரத்தையும் படித்துவிட்டு மூடினாள்.

வெள்ளிக்கிழமை காலை 6.15க்கு எதிர் வீட்டுக்குப் போனேன். சார் இறைத்துக்கொண்டிருந்தார். நான்கு வாளிகள் படியில் இருந்தன.

“சார், ரெட் வந்துடுச்சு. ரெட்டுக்கு மாத்துங்க.”

வாளியைப் பாதியில் நிறுத்தினார். “அப்படியா? எப்பேர்ந்து?”

“போன புதன்கிழமைலேர்ந்து நான் அதுலதான் இருக்கேன்.”

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். கதவருகே நின்ற அவர் மனைவியும் பார்த்தார். தண்ணீர் அவருடைய குடத்தில் விளிம்பு வரை இருந்தது.

“பாப்பாவோட அம்மா வந்துட்டாங்களா?” என்று கேட்டார் அவர் மனைவி.

“நேத்து நைட் வந்துட்டாங்கம்மா.”

சார் பாதியில் நின்ற வாளியை முழுக்க இழுத்துப் படியில் வைத்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். 6.24க்கு அவர் வீட்டு மோட்டார் ஓடத் தொடங்கியது.